உருவமும் தொழிலும்: நடுகல் நாய், புங்கனூர் மாடு, கணினித்திரை நாய்

ஒரு விலங்கை நல்ல விலங்கு என்று மதிப்பிட மனிதர் இரண்டு வகைச் சான்றுகளைக் கொண்டிருக்கின்றனர். ஒன்று அது செய்த காரியம். மற்றொன்று அதன் உடலமைப்பு. வரலாற்றின் பெரும்பகுதியில் இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்தே இருந்தன; நல்ல கால் வேண்டுமென்றால் அது நன்றாக ஓடுவதற்காகவே வேண்டப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் இரண்டாவது சான்று முதலாவதிடமிருந்து விலகித் தனியே நிற்கத் தொடங்கியது. 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் உடலே இல்லாத நாய்களுக்கும் உடலமைப்புப் போட்டி நடத்தும் நிலை உருவானது. இந்த மாற்றத்தின் வரலாறு இங்கிலாந்துக்கோ அமெரிக்காவுக்கோ மட்டும் உரியதன்று. சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் இன்று அரசும் பல்கலைக்கழகமும் தனியாரும் பாதுகாக்க முயலும் ஒரு குட்டை மாட்டினத்தின் எதிர்காலமும் இதே கேள்வியோடு பிணைந்திருக்கிறது.

1. பெயருள்ள நாய்கள்

தமிழகத்தின் மிகப் பழைய நாய் நினைவுச் சின்னங்களுள் ஒன்று திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் வட்டாரத்திலுள்ள எடுத்தனூர் நடுகல். பல்லவன் மகேந்திரவர்மன் காலத்தது. அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமை மந்தையைக் காத்து மடிந்த ஒரு வீரனுக்காக எடுக்கப்பட்ட அக்கல்லில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளரைக் கடித்துத் தன் தலைவன் அருகிலேயே நின்றது என்றும் கல்வெட்டு பதிவு செய்கிறது.

இரண்டாவது சான்று கன்னடத்தில் உள்ளது. மாண்டியா மாவட்டத்தைச் சேர்ந்த ஆதகூர்க் கல்வெட்டு சக ஆண்டு 872க்கு உரியது. தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் கொல்லப்பட்டதைச் சொல்லும் முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாக வரலாற்று மாணவர்கள் இதனை அறிவர். தக்கோலம் இன்று இராணிப்பேட்டை மாவட்டத்தில், சித்தூர் எல்லைக்கு அண்மையில் உள்ளது. அதே கல்வெட்டின் மற்றொரு பகுதி ஒரு வேட்டை நாயைப் பற்றியது. கங்க மன்னன் பூதுகனின் வீரன் மணலேரன், போரில் காட்டிய ஆற்றலுக்குப் பரிசாகக் காளி என்னும் நாயைக் கேட்டுப் பெற்றான். அந்நாய் ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு பொருதது, இரண்டும் இறந்தன. மணலேரன் கோயில் முன் கல் நட்டு, அதன் வழிபாட்டுக்கு நிலமும் விட்டான். கல்லின் மேற்பகுதியில் நாயும் பன்றியும் மோதும் காட்சி உள்ளது. இக்கல் இன்று பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இவ்விரு கல்வெட்டுகளிலும் நாய்க்குத் தனிப்பெயர் உண்டு, செயல் உண்டு. நாயின் இனம் எது, நிறம் எது, முகம் எவ்வளவு நீளம் என்பன பற்றி எந்தக் குறிப்பும் இல்லை. நினைவுகூரத்தக்கது எது என்று அச்சமூகம் கருதியதோ அது மட்டுமே கல்லில் ஏறியது. பாணர், நுளம்பர், வைதும்பர் காலத்து நடுகற்கள் பலவற்றைக் கொண்ட புங்கனூர், மதனப்பள்ளிப் பகுதிக்கும் இது பொருந்தும். மாடுபிடிச் சண்டைகளை நினைவூட்டும் அக்கற்களில் மீட்டவனின் பெயர் இருக்கும். மீட்கப்பட்ட மாடுகளின் அங்க இலக்கணம் இராது.

இதனால் உடலமைப்பை நோக்கும் மரபு தென்னிந்தியாவில் இருந்ததில்லை என்று முடிவு கட்டிவிடலாகாது. மாட்டுச் சந்தைகளில் சுழி பார்க்கும் வழக்கம் இன்றும் உள்ளது. மயிர்ச்சுழி எந்த இடத்தில் எந்தத் திசையில் அமைந்திருக்கிறது, கொம்பு எப்படி விரிகிறது, திமில் எப்படி நிற்கிறது, வால் எங்கே முடிகிறது என்று பார்த்து விலை பேசுவர். மாட்டு வாகடங்களும் குதிரை நூல்களும் இவ்வறிவை எழுத்தில் தந்துள்ளன. மயிலை, செவலை, காரி, பில்லை எனத் தமிழ் உழவர் வைத்திருக்கும் நிறப்பெயர்கள் ஒரு நுட்பமான வகைப்பாட்டையே காட்டுகின்றன. ஆனால் இம்மரபு ஒரு தனி விலங்கைப் பற்றியது. இந்த மாடு இந்த வீட்டுக்கு ஆகுமா, ஏருக்கு நிற்குமா, வண்டிக்கு இழுக்குமா என்பதே அங்கு எழும் கேள்வி. ஓர் இனம் முழுவதற்கும் ஒரே இலட்சிய உருவத்தை எழுதி வைத்து, ஒவ்வோர் உயிரையும் அவ்வெழுத்தோடு ஒப்பிட்டு மதிப்பெண் தரும் முறை அதில் இல்லை.

2. எழுதப்பட்ட உடல்

அந்த முறை 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உருவானது. குதிரைக்கு வமிசாவளிப் பதிவேடு 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், குட்டைக்கொம்பு மாடுகளுக்கு 1822இலும் வந்துவிட்டன. நாய்களுக்கான முதல் நவீனக் கண்காட்சி 1859 ஜூனில் நியூகாசல் நகரில் நடந்தது. பாயிண்டர், செட்டர் என்னும் இரு வேட்டை நாய் வகைகள் மட்டுமே அதில் கலந்துகொண்டன; ஏறத்தாழ 60 நாய்கள். 1873இல் லண்டனில் கென்னல் கிளப் தோன்றியது. பதிவேட்டையும் போட்டி விதிகளையும் ஒரே நிறுவனம் தன் கையில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு இதனோடு நிலைபெற்றது. இந்தியாவில் அதே மாதிரியான அமைப்பு 1896இல் தொடங்கியது. இன்றைய கென்னல் கிளப் ஆஃப் இந்தியா அதன் தொடர்ச்சியே. அதன் தலைமையகம் சென்னையில் உள்ளது.

புல்டாக் நாயின் கதை இம்மாற்றத்தைத் தெளிவாகக் காட்டும். காளையோடு நாயை மோதவிடும் விளையாட்டுக்காக வளர்க்கப்பட்ட நாய் அது. 1835இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அவ்விளையாட்டைத் தடை செய்தது. நாயின் தொழில் போயிற்று. முப்பது ஆண்டுகளுக்குள் அதன் ஆர்வலர்கள் கூடி, புல்டாக் எப்படித் தோற்றமளிக்க வேண்டும் என்று எழுதி வைத்தனர். எழுதப்பட்ட முதல் இன நியதிகளுள் அது ஒன்று. காளையைக் கவ்வியபடியே மூச்சுவிடத் தோதானது எனச் சொல்லப்பட்ட குறுகிய முகம், கவ்வ வேண்டிய காளை இல்லாத உலகில் தனி அழகாக மாறியது. தலைமுறைதோறும் மேலும் குறுகியது. இன்று அவ்வினத்தின் மூச்சுத் திணறல் கால்நடை மருத்துவத்தில் நன்கறியப்பட்ட சிக்கல். 2008இல் பிபிசி ஒளிபரப்பிய ஓர் ஆவணப்படம் கண்காட்சி நாய்களின் பரம்பரை நோய்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த பின்னரே, கென்னல் கிளப் தன் நியதிகள் பலவற்றைத் திருத்தியது.

தென்னிந்திய நாய்களுக்கு 1835இன் இடத்தில் 1972 வருகிறது. அவ்வாண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்தது. சட்டம் தேவையானது, அதன் நோக்கம் குறித்து ஐயமில்லை. ஆயினும் முயலும் பன்றியும் துரத்தி வாழ்ந்த சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, இராஜபாளையம் ஆகிய நாய்கள் ஒரே வீச்சில் தம் தொழிலை இழந்தன. அதற்குப் பின் அவற்றுக்குக் கிடைத்த புகலிடங்களுள் முக்கியமானது கண்காட்சி வளையம். சென்னை சைதாப்பேட்டையில் தமிழக அரசு நடத்திய நாட்டு நாய் இனப்பெருக்கப் பிரிவும், 2005 ஜனவரியில் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாயினத் தபால்தலைகளுள் இராஜபாளையம் இடம்பெற்றதும், கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள நிறுவனம் இராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் முறைப்படி பதிவு செய்ததும் இவ்வினங்களுக்கு மதிப்பைத் தந்தன. அவற்றோடு உருவ நியதியின் அழுத்தமும் வந்தது. இராஜபாளையத்தின் தூய வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் சந்தையில் விரும்பப்படுபவை. நிறமி இல்லாத தோலோடு பிறவிச் செவிட்டுத்தன்மை சேர்ந்து வருவது நாய்களில் அறியப்பட்ட உண்மை. காது கேளாத வேட்டை நாய் காட்டில் ஒரு நாள்கூட நிலைத்திருக்காது. தொழிலே அதனை விலக்கிவிடும். கண்காட்சி வளையத்தில் அது அழகாக நிற்கக்கூடும்.

3. பெயர் பிரிக்கும் இனம்

உருவ நியதி எழுதப்படுவதற்கு முன் ஒரு பெயர் தேவை. பெயரிடுதல் வெறும் அடையாளச் செயலன்று; எது எதனோடு இனம் சேரலாம் என்பதை அது முடிவு செய்கிறது. தக்காணத்தின் மெலிந்த வேட்டை நாய் இதற்கு நல்ல சான்று. ஒரே நாயைக் கென்னல் கிளப் ஆஃப் இந்தியா கேரவன் ஹவுண்ட் என்ற பெயரிலும், இந்தியன் நேஷனல் கென்னல் கிளப் முதோல் ஹவுண்ட் என்ற பெயரிலும் பதிவு செய்கின்றன. சிப்பிப்பாறையும் கன்னியும் வேறு வேறு இனங்களா, அல்லது ஒரே இனத்தின் நிற வேறுபாடுகளா என்பதில் நாயியல் ஆர்வலரிடையே நெடுநாள் விவாதம் உண்டு. கருமை நிறத்தில் பழுப்புப் புள்ளி கொண்டது கன்னி என்ற வழக்கு, வேட்டைக்காரரிடம் நிறப்பெயராக இயங்கியிருக்கக்கூடும். பதிவேட்டில் ஏறியதும் அது இனப்பெயராகிறது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகள்கூட வெவ்வேறு இனங்களாகப் பிரியும் வாய்ப்பு உண்டாகிறது.

தமிழிலும் தெலுங்கிலும் விலங்கின் வகையைச் சுட்ட ஜாதி என்னும் சொல் வழங்குவதும் கவனிக்கத்தக்கது. ஜாதி நாய், நாட்டு நாய் என்ற எதிர்நிலையில் முதலாவது அயல்நாட்டு நாயையும் இரண்டாவது தெருநாயையும் குறிப்பதாகப் பேச்சுவழக்கு நெடுங்காலம் இருந்தது. இச்சொல்லாட்சியில் சிப்பிப்பாறைக்கு இடமே இல்லை; அது நாட்டு நாய் என்ற பெருந்தொகுதியில் கரைந்துபோயிற்று. சு. தியடோர் பாஸ்கரன் போன்றோரின் எழுத்துகள் இந்திய நாயினங்கள் என்ற கருத்தைப் பொதுவெளியில் நிறுவியதன் பெறுமதி இங்குதான் புலப்படும். பெயர் இல்லாதது அழியும். ஆயினும் பெயரிட்ட பின் அப்பெயருக்குள் ஒரே உருவத்தை அடைப்பது தனிச்செயல். பெயரிடுதலின் தவிர்க்கவியலாத விளைவு அன்று.

4. சித்தூரின் குட்டை மாடு

சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1 அன்று வடாற்காடு, கடப்பை, நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு உருவானது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் சந்திக்கும் நிலம் அது. அதன் மேற்குப் பகுதியிலுள்ள புங்கனூர் ஜமீன் ஊரின் பெயரால் அறியப்படுவது புங்கனூர் மாடு. உலகின் மிகக் குட்டையான திமில் மாட்டினங்களுள் ஒன்று. தெலுங்கில் பொட்டி ஆவு எனப்படும் இம்மாட்டின் உயரம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்கும் குறைவு. அகன்ற நெற்றி, சிறிய கொம்பு, ஏறக்குறைய தரையைத் தொடும் வால் ஆகியன அதன் அடையாளங்கள்.

அதன் குட்டைத்தன்மை யாரும் அழகுக்காக உருவாக்கியதன்று. மழை குறைந்த, கல்பாங்கான அந்நிலத்தில் கொஞ்சம் மேய்ச்சலில் பிழைத்து, இலேசான மண்ணில் ஏர் இழுத்து, அளவு குறைவாயினும் கொழுப்பு மிகுந்த பாலைத் தரும் விலங்கு சிறு உழவனுக்கு ஏற்றதாயிற்று. பெரிய உடலுக்குப் பெரிய தீனி வேண்டும். வறட்சியில் அது முதலில் விழும். சிறிய உடல் அந்நிலத்தோடு செய்துகொண்ட நெடுங்கால உடன்பாட்டின் வடிவம்.

அவ்வுடன்பாடு 20ஆம் நூற்றாண்டில் முறிந்தது. சென்னை மாகாண அரசு 1940இல் இயற்றிய கால்நடை மேம்பாட்டுச் சட்டம், தகுதியற்றவை என அதிகாரிகள் கருதும் காளைகளைக் காயடிக்க வழி செய்தது. அக்கால மேம்பாட்டுச் சிந்தனையில் ஓங்கோல், காங்கேயம் போன்ற பேருருவ இனங்களே மாதிரி. விடுதலைக்குப் பின் ஜெர்ஸி, ஹோல்ஸ்டீன் விந்தோடு கலப்பினப் பெருக்கம் பரவியது; டிராக்டர் ஏரை அகற்றியது. ஒரு நாளைக்குச் சில லிட்டர் மட்டும் கறக்கும் மாட்டுக்குப் பால் கூட்டுறவின் கணக்கில் இடமில்லை. புங்கனூர் மாடு அழிவின் விளிம்புக்கு வந்தது. அதனைத் தாங்கிப் பிடித்த இடங்களுள் முதன்மையானது பலமனேர் கால்நடை ஆராய்ச்சி நிலையம். இன்று அது திருப்பதியில் 2005இல் நிறுவப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. திருப்பதியின் கால்நடை மருத்துவக் கல்லூரியோ 1955 முதலே செயல்படுவது.

சிறு மந்தையை வைத்துக்கொண்டு ஓர் இனத்தைக் காப்பதில் உள்ள சிக்கலைக் கணக்கால் விளக்கலாம். அமெரிக்க மரபியலாளர் சூவல் ரைட் 1922இல் உட்கலப்புக் குணகம் என்னும் அளவையை வகுத்தார். உடன்பிறந்தோர் இனம் சேர்ந்தால் பிறக்கும் குட்டிக்கு அது 0.25, ஒன்றுவிட்ட உடன்பிறப்புகளுக்கு 0.0625. ஒரு மந்தையில் 100 பசுக்களும் 4 காளைகளும் இருப்பதாகக் கொள்வோம். எண்ணிக்கை 104. ஆனால் ஒவ்வொரு கன்றின் பாதி மரபும் அந்த நான்கு காளைகளிடமிருந்தே வருவதால், மந்தையின் பயனுறு எண்ணிக்கை ஏறத்தாழ 15 மட்டுமே. அதாவது ஆணும் பெண்ணும் சம அளவில் உள்ள 15 விலங்குகளின் மந்தை எவ்வளவு வேகமாக மரபு வளத்தை இழக்குமோ, அவ்வளவு வேகமாக இதுவும் இழக்கும். தலைமுறைக்கு 3 விழுக்காட்டுக்கு மேல் உட்கலப்பு கூடும். கருத்தரிப்பு குறைதல், கன்று இறப்பு, நோய் எதிர்ப்புக் குறைவு ஆகியன அதன் பின்விளைவுகள்.

இந்நிலையில்தான் புங்கனூர் மாட்டுக்கு எதிர்பாராத புகழ் வந்தது. திருமலைத் திருமஞ்சனத்துக்கு இம்மாட்டின் பால் உகந்தது என்ற நம்பிக்கை மக்களிடையே முன்பே வழங்கியது. 2024 ஜனவரியில் பொங்கலையொட்டிப் பிரதமர் தம் இல்லத்தில் இம்மாடுகளுக்குத் தீனி ஊட்டும் படங்கள் நாடெங்கும் பரவின. அதற்கு முன்பிருந்தே நகர வீடுகளில் செல்ல விலங்காக இதனை வாங்கும் ஆர்வம் வளர்ந்துவந்தது. விலை இலட்சக்கணக்கில் ஏறியது. இன்னும் குட்டையான, இரண்டு அடி உயரத்துக்குள் அடங்கும் மாடுகளைத் தேர்ந்து பெருக்கும் முயற்சிகளும் ஆந்திராவில் நடைபெறுகின்றன.

மாட்டைக் காத்தது அதன் உருவமே என்பதை மறுக்க முடியாது. குட்டையாக இல்லாதிருந்தால் அதனை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். ஆயினும் குட்டைத்தன்மை இப்போது நிலத்தோடு செய்த உடன்பாடாக இல்லை. சந்தையின் நியதியாக மாறியிருக்கிறது. உழவன் தேர்ந்தபோது, கன்று ஈன முடியாத அளவு குட்டையான பசு தானே விலகியது. ஏர் இழுக்க இயலாத காளைக்குத் தேவை இருக்கவில்லை. வாங்குபவர் சாய்நாற்காலியிலிருந்து தேரும்போது அத்தகைய தடை எதுவும் இல்லை. புல்டாக் நாய்க்கு நேர்ந்ததன் முதல் படிகளை இங்கே இனங்காண முடிகிறது: தொழில் நீங்குதல், அத்தொழில் தந்த உடற்கூறு அழகாதல், அவ்வழகு மிகைப்படுதல்.

5. உடலற்ற நாயின் உடலமைப்பு

தொழில் முற்றிலும் நீங்கிய விலங்கு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு தூய மாதிரி உண்டு. 1995இல் சான் பிரான்சிஸ்கோவின் பி.எஃப். மேஜிக் நிறுவனம் டாக்ஸ் என்னும் கணினி விளையாட்டை வெளியிட்டது. கணினித் திரையில் ஓடித் திரியும் நாய்க்குட்டி. உணவிட்டுத் தட்டிக்கொடுத்து வளர்க்க வேண்டும். ஜப்பானின் தமகோச்சி வந்தது அதற்கு அடுத்த ஆண்டில்தான். 1998இல் வந்த பெட்ஸ் 3 பதிப்பில் நாய்கள் வளர்ந்தன, இனம் சேர்ந்தன, குட்டிகள் ஈன்றன. குட்டிகள் தாய் தந்தையரின் கூறுகளைக் கலந்து பெற்றன.

விளையாட்டை உருவாக்கியவர்கள் பாசத்தை எதிர்பார்த்தனர். விளையாடியோர் பதிவேட்டைத் தொடங்கினர். வமிசாவளி காத்தல், வளர்ப்பகப் பெயர் சூட்டல், நாய் சரியான நிலையில் நிற்கும்போது படம் பிடித்துப் போட்டிக்கு அனுப்புதல், புள்ளிகள் சேர்த்துப் பட்டம் வழங்குதல் என விக்டோரியா கால இங்கிலாந்தின் முழு ஏற்பாட்டையும் அவர்கள் தாமாகவே மீண்டும் கட்டினர். பங்கேற்றோரில் இளம்பெண்கள் மிகுதி. உண்மையான கண்காட்சி வளையத்துக்குள் நுழையப் பணமும் நிலமும் வேண்டும். இங்கே ஒரு கணினி போதும். தேர்வு, பதிவு, மரபுவழி ஆகிய கருத்துகளைப் பாடநூலுக்கு முன்பே இவ்வழியில் கற்றவர்கள் உண்டு என்பதைக் குறைத்து மதிப்பிடலாகாது. 2005இல் வந்த நிண்டெண்டாக்ஸ் விளையாட்டில் தட்டெறிதல், கீழ்ப்படிதல், தடைதாண்டல் ஆகிய போட்டிகள் இருந்தன, இனப்பெருக்கம் இல்லை. செயலைச் சோதிக்கும் அவ்விளையாட்டோடு ஒப்பிடும்போது உருவத்தைச் சோதித்த முன்னைய சமூகத்தின் தனித்தன்மை விளங்கும்.

இத்திரைநாயின் உடல் எதனால் ஆனது என்பது இன்னும் முக்கியமானது. பந்துகளும் அவற்றை இணைக்கும் கோடுகளுமே அதன் அங்கங்கள். ஒவ்வொரு பந்தின் அளவும் நிறமும் இடமும் ஒரு கோப்பில் எண்களாக எழுதப்பட்டிருந்தன. விரைவிலேயே ஆர்வலர்கள் அக்கோப்பைத் திருத்தப் பழகினர். எண்ணை மாற்றினால் மூக்கு நீளும், கால் குறுகும், புதிய இனம் பிறக்கும். இன நியதி என்பது விலங்கைப் பற்றிய விவரணையாக இருந்த நிலை மாறி, விலங்கே நியதியின் எழுத்தாக ஆனது. 1986இல் ரிச்சர்ட் டாக்கின்ஸ் எழுதிய பயோமார்ஃப் என்னும் கணினி நிரலில் இதன் முன்னோடியைக் காணலாம். திரையில் தோன்றும் உருவங்களுள் கண்ணுக்குப் பிடித்ததைத் தேர்ந்தால் அதன் வழித்தோன்றல்கள் அடுத்த தலைமுறையாக வரும். டாக்கின்ஸின் நோக்கம் தேர்வின் ஆற்றலைக் காட்டுவது. தேர்வோனின் கண்ணைத் தவிர வேறெந்தத் தடையும் இல்லாத உலகம் அது என்பதையும் அந்நிரல் சேர்த்தே காட்டியது.

அவ்விளையாட்டின் இனப்பட்டியலில் டால்மேஷன், பூடில், புல்டாக், லாப்ரடார், டாக்ஸ்ஹண்ட் போன்ற பெயர்களுடன் மட் என்ற பெயரும் இருந்தது. ஆங்கிலத்தில் அது இனமறியாக் கலப்பு நாயைக் குறிக்கும் சொல். விளையாட்டிலோ அதற்கும் நிலையான உருவம் உண்டு, தூய வமிசம் உண்டு. இனமின்மைக்கே ஓர் இன நியதி. சிப்பிப்பாறையோ கோம்பையோ அப்பட்டியலில் இல்லை. ஜாதி நாய், நாட்டு நாய் என்ற தமிழ் எதிர்நிலை சென்னைத் தெருவில் செய்ததையே மென்பொருளும் தன் அளவில் செய்தது.

திரைநாய்களுக்கும் பலமனேர் மந்தைக்கும் இடையிலான அடிப்படை வேறுபாடு எளிது. பெட்ஸ் நாய்கள் இறப்பதில்லை. புறக்கணித்தால் ஓடிப்போகும், அவ்வளவே. உடன்பிறந்தவற்றை இனம் சேர்த்தாலும் பரம்பரை நோய் வராது. ரைட்டின் குணகத்துக்கு அங்கே வேலை இல்லை. மூக்கை எவ்வளவு குறைத்தாலும் மூச்சு முட்டாது. உருவத்தேர்வின் செலவு முழுவதும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. அதனாலேயே அது தீங்கற்ற விளையாட்டு. அதே காரணத்தால் அது ஓர் ஆய்வு மாதிரியாகவும் பயன்படுகிறது: செலவைக் கணக்கிடாமல் தேரும் மனநிலை எப்படி இயங்கும் என்பதை வேறெந்தக் கலப்பும் இன்றி அதில் காண முடிகிறது. அம்மனநிலை உயிருள்ள மாட்டின்மேல் செலுத்தப்படும்போது, செலவைக் கட்டுவது மாடு.

6. பதிவேட்டில் சேர வேண்டியவை

பதிவும் நியதியும் வேண்டாம் என்ற முடிவுக்கு இவ்வரலாறு இட்டுச் செல்வதில்லை. பதிவு இல்லாததால் அழிந்துபோன தென்னிந்திய நாய்களும் மாடுகளும் பல. அரசு நிதியும் ஆராய்ச்சியும் பெயருள்ள, எல்லை வகுக்கப்பட்ட இனங்களுக்கே செல்கின்றன. கேள்வி, நியதியில் என்ன எழுதப்படுகிறது என்பதே. உயரத்துக்கு உச்ச வரம்பு மட்டுமன்றிக் கீழ் வரம்பும் எழுதலாம். பசு உதவியின்றிக் கன்று ஈனுதல், வெயிலில் மேய்தல், கொஞ்சம் தீனியில் உடல் தேறுதல் ஆகியவற்றை உருவக் கூறுகளோடு சமமாக மதிப்பிடலாம். நாய்களுக்குப் பிறந்த சில வாரங்களில் செவிச் சோதனையைப் பதிவின் நிபந்தனை ஆக்கலாம். காளைகளின் எண்ணிக்கையை, அவற்றின் உறவு நெருக்கத்தை, மந்தையின் பயனுறு அளவைப் பதிவேட்டிலேயே வெளிப்படுத்தலாம். சிற்றூர்களில் இன்னும் பெயர் பெறாமல் மேயும் குட்டை மாடுகளை, நியதிக்குச் சற்று வெளியே நின்றாலும், இனத்துக்குள் கொண்டுவரும் திறந்த பதிவேட்டுக்கு உலகில் முன்மாதிரிகள் உள்ளன.

இதற்கு வேண்டிய அறிவில் ஒரு பகுதி பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது. மற்றொரு பகுதி புங்கனூர், பலமனேர்ப் பக்கத்து முதிய உழவர்களிடம், அவர்கள் வழங்கும் தெலுங்கு, தமிழ்ச் சொற்களில் இருக்கிறது. எந்த மாடு கல்நிலத்தில் கால் ஊன்றும், எது வறட்சியில் பால் வற்றாது என்பதற்கு அவர்களிடம் தனிப்பெயர்கள் உண்டு. நியதி எழுதும் குழுக்கள் அச்சொற்களைத் தொகுப்பதற்கு இது கடைசித் தலைமுறையாக இருக்கக்கூடும். எடுத்தனூர்க் கல்லை நட்டவர்கள் ஒரு நாயை அதன் செயலால் அறிந்தார்கள். கென்னல் கிளப்பார் உடலால் அறிந்தார்கள். புங்கனூர் மாட்டின் பதிவேடு இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினால், அடுத்த நூற்றாண்டிலும் அம்மாடு திரையில் மட்டுமன்றி நிலத்திலும் நடக்கும்.